முன் அனுமதி யாருக்கு?

ஒரு வாரம்! நவம்பர்த் திங்களின் ஒரே ஒரு வாரம்! 2025ஆம் ஆண்டு அந்த ஒரு வாரத்திலே இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இரண்டு சிறு சொற்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. ‘முன்’ என்பது ஒரு சொல், ‘பின்’ என்பது மற்றொன்று. ஆலை அதிபர்கள் முன்னால் கேட்டுப் பெறவேண்டியதைப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்ற வழி செவ்வாய்க்கிழமை மீண்டும் திறந்தது. அறிவிக்காமலும் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று பல தொழில்களில் பாட்டாளிக்கு இருந்த உரிமை வெள்ளிக்கிழமை பறிபோயிற்று. இனி எங்கும் அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாகவேண்டும்.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையே மூன்றே நாள். ஒன்றைச் செய்தது உச்சநீதிமன்றம். மற்றொன்றைச் செய்தது மத்திய அரசு. இருவரும் கூடிப் பேசிச் செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. கூடிப் பேசத் தேவையே இல்லை என்பதுதான் கவலை தருகிறது. காற்று ஒரே திசையில் அடிக்கும்போது, இரண்டு மரங்கள் பேசிவைத்துக்கொண்டா ஒரே பக்கம் சாய்கின்றன?

முதலில் செவ்வாய்க்கிழமையைப் பார்ப்போம்.

ஒரு சுரங்கம் தோண்டவேண்டுமா, பெரியதோர் ஆலை எழுப்பவேண்டுமா, அடுக்குமாடிக் குடியிருப்புகளை வானளாவக் கட்டவேண்டுமா? கட்டுமுன், தோண்டுமுன், சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும். 1994ஆம் ஆண்டு அறிவிக்கை அப்படித்தான் கூறிற்று. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அதை இன்னும் விரிவாகக் கூறிற்று. அந்த அனுமதியின் உயிரே ‘முன்’ என்ற சொல்லிலேதான் இருக்கிறது. ஏன் முன்? வெட்டிய மலை மீண்டும் வளராது. கழிவு கலந்த நிலத்தடி நீரை வடிகட்டி மீண்டும் கிணற்றில் ஊற்ற எவராலும் ஆகாது. ஆகவேதான், வேலை தொடங்குமுன் ஆய்வு, ஆய்வுக்குப் பின் அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்பு, அதன் பிறகு அனுமதி என்று வரிசை வகுத்தார்கள். அறிவுடைய எவரும் வகுக்கக்கூடிய வரிசைதான் அது.

2017ஆம் ஆண்டு மத்திய அரசு அந்த வரிசையைக் கலைத்தது. அனுமதி பெறாமலே கட்டி முடித்தவர்கள் ஆறு திங்களுக்குள் வந்து, தவற்றைச் சொல்லி, பிந்திய அனுமதி பெற்றுக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தது. ஒரே ஒருமுறைதான் என்றார்கள். 2021இல் இன்னொரு குறிப்பாணை பிறந்து, அந்த ஒருமுறைக் கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் பூட்டி நிலையான வாசலாக்கிற்று. 2025 மே 16 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் அந்த வாசலை மூடினார்கள். சட்டத்தை மீறியவனுக்குச் சட்டமே குடைபிடிக்கலாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஏற்கனவே வழங்கிவிட்ட அனுமதிகளை அவர்கள் தொடவுமில்லை. இனிமேல் கூடாது என்றார்கள். அவ்வளவே!

அவ்வளவுகூடத் தாங்கவில்லை. கட்டடத் தொழிலதிபர்களின் கூட்டமைப்பு மறுசீராய்வு கேட்டது. ஆறே திங்கள்! நவம்பர் 18 அன்று, மூவர் அமர்ந்த ஆயத்தில், தலைமை நீதிபதி கவாயும் நீதிபதி வினோத் சந்திரனும் மே மாதத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, வழக்கை மீண்டும் புதிதாக விசாரிக்க அனுப்பினர். மூன்றாமவர் உஜ்ஜல் புயான் ஒப்பவில்லை; மாறுபட்டு எழுதினார்.

திரும்பப் பெற்றதற்குக் காட்டிய காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. மே மாதத் தீர்ப்பு நிலைத்தால், ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் பொதுப் பணத்தில் எழுந்த கட்டடங்களை இடிக்க நேரும் என்றார்கள். ஒடிசாவில் 962 படுக்கைகள் கொண்ட எய்ம்ஸ் மருத்துவமனை ஒன்று. அதையும் இடிப்பதா என்று கேட்டார்கள்.

நல்ல கேள்வி! கேட்ட உடனே நெஞ்சைத் தொடும் கேள்வி! மருத்துவமனையை இடிக்கச் சொல்லும் கல்நெஞ்சர் யார்? நாமும் சொல்லமாட்டோம். ஆனால் நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த மருத்துவமனையை அனுமதி பெறாமல் கட்டத் தொடங்கியது யார்? அரசுப் பணத்தில் கட்டும் கட்டடம், அரசிடமே அனுமதி கேட்க மறந்ததென்றால், அந்த மறதிக்கு எந்த அதிகாரி விலை கொடுத்தார்? நோயாளியின் படுக்கையைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்து, அதன் நிழலிலே எத்தனை சுரங்க முதலாளிகளும் மனை வணிகர்களும் பதுங்கி நுழைகிறார்கள் என்பதையல்லவா எண்ணிப் பார்க்கவேண்டும்? பொது நன்மைக்கான கட்டடம் என்றால் அதற்கென்று தனி வழி காணலாம். அதைக் காட்டி ஊரிலுள்ள எல்லாக் கோட்டைக்கும் வாசல் திறப்பது என்ன நியாயம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள் நம் கிராமத்துப் பாட்டிகள். கண்ணிருந்தபோது செய்தாலும் அதனால் பயனில்லை என்பது நம் கட்சி. ஆனால் பாட்டி சொல்ல வந்த பொருள் டில்லிக்கு விளங்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமை.

நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்களை உருக்கி நான்கு அச்சில் வார்த்தார்கள். ஊதியத்துக்கு ஒன்று, அது 2019இல் நிறைவேறியது. தொழில் உறவுக்கு ஒன்று, சமூகப் பாதுகாப்புக்கு ஒன்று, பணியிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் ஒன்று. இம்மூன்றும் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டன. கொள்ளை நோய் ஊரை அடைத்திருந்த காலம். கூட்டம் கூடவும் கோஷம் போடவும் தடை இருந்த காலம். கேட்க ஆளில்லாத வேளை பார்த்துக் கதவைத் தட்டும் விருந்தாளியை நம் ஊரில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள்?

29 சட்டம் என்பது குழப்பம், நான்கு என்றால் எளிமை என்கிறார்கள். எளிமை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொன்னான்? எண்ணிக்கை குறைந்ததில் நமக்கு மனக்குறை இல்லை. எண்கள் மாறியதில்தான் இருக்கிறது சூது. அந்த எண்களை மனத்தில் வையுங்கள்.

100 என்பது 300 ஆயிற்று. நூறு பேருக்கு மேல் உழைக்கும் ஆலையை மூடவேண்டுமென்றால், ஆட்குறைப்புச் செய்யவேண்டுமென்றால், அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது பழைய சட்டம். இனி முந்நூறு. 299 பேர் உழைக்கும் ஆலைக்காரர் நிலையாணைகள் வகுக்கவேண்டியதில்லை. ஆலையை மூட அனுமதி கேட்கவேண்டியதில்லை. அறிவித்துவிட்டுக் கணக்கு முடித்தால் போதும். முந்நூறையும் ஓர் அறிவிக்கையால் உயர்த்திக்கொள்ளலாம் என்று அரசுக்கு அதிகாரம் வேறு தந்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்குக்கூட மீண்டும் போகவேண்டாமாம்!

10 என்பது 20 ஆயிற்று. மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் உழைத்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை நேற்றுவரை தொழிற்சாலை. இன்று அந்தச் சொல்லின் வரம்புக்கு வெளியே. இயந்திரம் அதுவேதான். அதனுள் சிக்கும் விரலும் அதுவேதான். பெயர்தான் மாறிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கு இருபது என்றிருந்த வரம்பு ஐம்பதாயிற்று. நாற்பத்தொன்பது பேரை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்கள் இனி எங்கும் முளைப்பார்கள். ஐம்பதாவது ஆளுக்கு வேறொரு பெயரில் வேறோர் ஒப்பந்தக்காரர் பிறப்பார்!

இவை யாவும் முதலாளியைப் பொறுத்தவரை. தொழிலாளியிடம் சட்டம் எப்படிப் பேசுகிறது?

முன்பு தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் உள்ளவர்கள் மட்டுமே வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புத் தரவேண்டியிருந்தது. இனி சட்டை தைக்கும் ஆலையாயினும் சக்கரம் செய்யும் ஆலையாயினும், பதினான்கு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப்பேர் ஒரே நாளில் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்கையில் சமரச அலுவலர் முதற்கூட்டத்தைக் கூட்டிவிட்டால், அந்தப் பேச்சு முடியும் வரையிலும், முடிந்த பின் ஏழு நாளும் வேலைநிறுத்தம் கூடாது. வழக்குத் தீர்ப்பாயம் போனால் அங்கே முடியும் வரை, அதன் பின்னும் அறுபது நாள் கூடாது. அப்படியானால் எப்போதுதான் கூடும்? நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள்! பஞ்சாங்கக்காரன்கூட இடையில் ஒரு நல்ல நேரம் குறித்துத் தருவான். இந்தச் சட்டம் குறித்த நாட்காட்டியில் நாளெல்லாம் இராகுகாலம்!

கதவடைப்புக்கும் இதே கட்டுப்பாடு உண்டு, சட்டம் இருவருக்கும் பொதுதானே என்று சிலர் வாதாட வருவார்கள். வரட்டும். ஆலையை அடைக்காமலே, ஆர்டரை வேறு ஆலைக்கு மாற்றி, ஒப்பந்த ஆட்களைக் கொண்டு ஓட்டி, மூன்று மாதம் பொறுத்திருக்க முதலாளிக்குப் பணமிருக்கிறது. தொழிலாளியிடம் உள்ள ஒரே கருவி, வேலை செய்யும் கையை நிறுத்துவது. பூட்டு உள்ளவனுக்கும் கை மட்டுமே உள்ளவனுக்கும் ஒரே விதி என்பது சமத்துவமா?

சென்னைக்கு இந்தக் கதை புதிதன்று. 1918இல் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு கூறும் சங்கம் அது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணை நின்றார். ஆலை நிர்வாகம் என்ன செய்தது? வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்று சங்கத்தார்மீது வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடையாணை தந்தது. சங்கம் வைப்பதே சதி என்று கருதப்பட்ட காலம் அது. அந்த அநீதிக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாகவே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூர்ப் பாட்டாளியின் வியர்வையிலும் பட்டினியிலும் பிறந்த அந்தச் சட்டமும் 29இல் ஒன்று, உருக்கிவிட்டார்கள்.

நூறாண்டு கழித்து அதே மண்ணில் என்ன நடந்தது? 2024 செப்டம்பர் 9 அன்று திருப்பெரும்புதூர் வட்டாரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாட்கள்! ஊதிய உயர்வு கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் முதற்கோரிக்கை எது? தாங்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக்கூடாது என்று நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. தான் பத்தாண்டு உழைத்த ஆலையின் பெயரைத் தன் சங்கத்துக்கு வைத்துக்கொள்ளும் உரிமைகூடத் தொழிலாளிக்கு இல்லையாம்! உயர்நீதிமன்றம் சென்று, ஆணை பெற்று, 2025 ஜனவரியில்தான் பதிவுச் சான்று கைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்ய ஒற்றைச் சாளரம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய எத்தனை சாளரம், எத்தனை பூட்டு!

இந்த இடத்தில் நம் வீட்டுக் கதையையும் மறைக்கலாகாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறிற்று. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள் அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது நன்று. ஆனால் 1923இல் இந்தியாவிலேயே முதன்முதல் மே நாள் கொடியைச் சிங்காரவேலர் ஏற்றிய இந்தச் சென்னையில், சரியாக நூறாண்டு கழித்து அப்படியொரு மசோதா வாசலுக்கு வந்ததே எப்படி? முதலீட்டாளர் கேட்டார் என்பது விடையாகாது. முதலீட்டாளர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். கேட்பது அவர் தொழில். ‘இல்லை’ என்று சொல்வதற்குத்தான் சட்டமன்றம். வடக்கே செய்தால் கொடுமை, தெற்கே செய்தால் கட்டாயம் என்று பேசுகிற நாக்கு நமக்கு வேண்டாம்.

அதே சட்டமன்றம் 2021இல், கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்ததையும் சொல்லவேண்டும். கேரளத்தில் 2018இல் வந்தது. அடுத்து நம் நாட்டில் வந்தது. துணிக்கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்று நின்று கால் நரம்பு புடைத்த பெண்ணுக்கு ஒரு முக்காலி! இதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது வெட்கம். சட்டம் வந்தது என்பது பெருமை. இருக்கை வந்ததா, வந்த இருக்கையில் உட்கார விடுகிறார்களா என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும் தோழர்கள் கண்ணால் பார்த்து வாருங்கள்.

புதிய தொகுப்புகளில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் என்கிறது சட்டம்; நல்லது. குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை என்கிறது, நல்லது. மழையிலும் வெயிலிலும் உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞர்களுக்கு முதன்முறையாகச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அவர்களை வைத்து வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று மட்டும் சட்டம் அழைக்கவில்லை. பெயர் வைத்தார்கள், பிள்ளை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

இனி, இந்த இரண்டு நாளுக்கும் முன்னோடியாக வந்த இன்னொரு சட்டத்துக்கு வருவோம். 2023இல் வந்தது, பெயர் ‘ஜன் விஸ்வாஸ்’. ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்துக்கும் இந்தியில் பெயர்! ‘மக்கள் நம்பிக்கை’ என்று பொருளாம். நம் ஊரில் விசுவாசம் என்றால் வேலைக்காரன் எசமானனுக்குக் காட்டுவது என்று பொருள். பெயர் வைத்தவர்கள் தமிழ் தெரியாமலே சரியாக வைத்துவிட்டார்கள்! 42 சட்டங்களில் 183 இடங்களில் குற்றம் என்றிருந்ததைக் குற்றமல்ல என்றோ, சிறை என்றிருந்ததைப் பணம் என்றோ மாற்றிற்று அந்த விசுவாசம்.

அவற்றுள் சில மாற்றப்பட வேண்டியவைதாம் என்பதை நாம் மறுக்கவில்லை. அஞ்சல் நிலையச் சுவரில் சுவரொட்டி ஒட்டியவனையும், படிவம் அனுப்பத் தவறிய சிறு வணிகனையும் குற்றவாளிகளாக்குவது பகுத்தறிவன்று. சின்னஞ்சிறு பட்டறைக்காரர், ஆய்வாளர் என்ற பெயரில் வந்து கைநீட்டுபவரைக் கண்டு நடுங்குவதும் உண்மை. அந்த நடுக்கத்தைப் போக்கவேண்டும். ஆனால், சில்லறை வணிகனின் கண்ணீரைக் காட்டிச் சட்டம் வாங்கி, அந்தச் சட்டத்தை யார் எடுத்துச் சென்றார்கள் என்று பாருங்கள்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுக்காற்று கிளம்பியது. உறங்கியவர்கள் உறக்கத்திலேயே மாண்டார்கள். ஓடியவர்கள் ஓட்டத்திலேயே விழுந்தார்கள். ஆயிரமாயிரம் உயிர்கள்! அந்தப் பிணக்குவியலின் மீது நின்று எழுதப்பட்டதுதான் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். மீறியவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று அது சொன்னது. 2010இல் போபால் குற்றவாளிகள் எழுவருக்கு இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, அன்றே பிணையும் கிடைத்தது என்பது வேறு கதை. அது வேறொரு சட்டத்தின் வெட்கம். அந்த ஆலையின் 337 டன் நச்சுக்கழிவை அந்த இடத்தைவிட்டு அகற்றவே 2025 ஜனவரி ஆயிற்று; நாற்பது ஆண்டுகள்!

அந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த சிறையைத்தான் விசுவாசம் நீக்கிவிட்டது. 2024 ஏப்ரல் முதல், மீறினால் 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 10,000. விதிப்பவர் நீதிபதி அல்லர். அரசு அமர்த்தும் அதிகாரி. விதித்த அபராதத்தையும் கட்டாமல் இருந்தால்தான் சிறை. அதாவது நஞ்சு கலந்தால் சிறையில்லை, நஞ்சுக்குப் பணம் கட்டாவிட்டால் சிறை!

தண்டனை என்பது வேறு. விலை என்பது வேறு. தண்டனையைக் கண்டு மனிதன் அஞ்சுகிறான். விலையைக் கண்டு கணக்குப் போடுகிறான். கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை இரவும் பகலும் ஓட்ட மின்கட்டணம் இவ்வளவு, இரசாயனச் செலவு இவ்வளவு, ஓட்டாமல் விட்டால் அபராதம் இவ்வளவு என்று எழுதிப் பார்த்து, எது மலிவோ அதைச் செய்வார் ஆலையின் கணக்கர். அவரை நாம் குறை சொல்லமாட்டோம். அவர் வேலை அது. அந்தக் கணக்கைப் போடும் வசதியைச் செய்து கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம். பல்லாயிரம் கோடி புரட்டும் நிறுவனத்துக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் உச்சவரம்பு அதே 15 இலட்சம்! ஒருவருக்கு அது முதலே போய்விடும் இழப்பு. மற்றவருக்கு ஒரு மாலைநேர விருந்தின் செலவு. ஆளைப் பார்த்து அளக்கும் தண்டனை இந்நாட்டுக்குப் புதிதன்று. மனு அதைப் பிறப்பைப் பார்த்து அளந்தான். இன்று அளவுகோல் பணப்பை.

தொழில் உறவுத் தொகுப்பிலும் இதே வணிகம்தான். முதல்முறைக் குற்றத்தைப் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அபராதம் மட்டுமே உள்ள குற்றமென்றால் அதன் உச்சத் தொகையில் பாதி; ஓராண்டு வரை சிறையுள்ளது என்றால் முக்கால். ஆடித் தள்ளுபடி போலக் குற்றத்துக்கும் தள்ளுபடி! அதே வேளையில், சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிக்குப் பழைய சட்டத்தில் ஐம்பது ரூபாய் வரை என்றிருந்த அபராதம், இன்று ஆயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் வரை. ஒரு மாதச் சம்பளம்! அதற்கு மேல் ஒரு மாதச் சிறைக்கும் இடமுண்டு. வேலை செய்ய மறுத்த கைக்கு விலங்கு இருக்கிறது. ஆற்றை நஞ்சாக்கிய கைக்கு இரசீது கிடைக்கிறது.

ஆற்றைப் பற்றிச் சொன்னோம். பாலாற்றை மறக்கலாமா? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்ட கழிவு பாய்ந்து, ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பாழானதை 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமே எழுதி வைத்தது. மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை இந்திய நீதிமன்றம் வேலூர் வழக்கில்தான் உறுதியாக ஊன்றிற்று. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. ஒருமுறை இழப்பீடு கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. ஆறு பழைய நிலைக்குத் திரும்பும்வரை மாசு செய்தவனின் கடன் தீராது என்றது அது. அதாவது இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் ஆறு திரும்பவில்லை! முன்னால் தடுக்காமல் பின்னால் சரிசெய்வோம் என்பவர்கள் பாலாற்று மணலில் கிணறு தோண்டி ஒரு குவளை நீர் பருகிக் காட்டட்டும். பிந்திய அனுமதி பற்றிப் பிறகு பேசுவோம்.

ஆய்வாளர் வருவதே தொல்லை என்போருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது. சாம்சங் தொழிலாளர் போராடிய அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு சிறு மருந்து ஆலை இருந்தது. அங்கே செய்த ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்து, 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்தது. டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடமே கண்டறிந்தது. இருக்கலாம் என்று ஏற்கத்தக்க அளவு நூற்றில் பத்தில் ஒரு பங்கு! தாய் தன் கையால், இருமல் நிற்கட்டும் என்று, கரண்டியில் ஊற்றிக் கொடுத்த நஞ்சு.

குழந்தைகள் இறந்த பிறகுதான் அந்த ஆலைக்குள் புகுந்து பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான குறைபாடுகள்! பிறகு உரிமம் பறிப்பு, பிறகு கைது, பிறகு மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம். எல்லாம் பிறகு, பிறகு, பிறகு! இதே நஞ்சு 1972இல் சென்னைக் குழந்தைகளைக் கொன்றது. மூலப்பொருளைச் சோதித்துவிட்டுக் கலக்கவேண்டும் என்ற பாடம் ஐம்பது ஆண்டுக்கு முன்பே நம் ஊருக்குத் தெரியும். சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். அதைச் செய்தாரா என்று முன்னால் போய்ப் பார்க்கத்தான் ஓர் ஆய்வாளர் தேவை. புதிய தொழிலாளர் தொகுப்போ ஆய்வாளரை ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ ஆக்கிவிட்டது; எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லலாம் என்கிறது. மருந்துச் சட்டத்தில், தரமற்ற மருந்துக்கான ஒரு பிரிவை விசுவாசச் சட்டம் பணம் கட்டித் தீர்க்கக்கூடிய குற்றமாக்கிற்று. உயிரைப் போக்கும் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை இன்னும் இருக்கிறது. ஆனால் தரமற்றது எது, உயிர் குடிப்பது எது என்பது பிணம் விழுந்த பிறகல்லவா பிரிகிறது? கைநீட்டும் ஆய்வாளரை ஒழிக்க வழி, நேர்மையான ஆய்வாளரை அமர்த்துவது, ஆய்வையே ஒழிப்பதன்று. மாப்பிள்ளைத் தோழன் திருடினான் என்று மாப்பிள்ளையையா துரத்துவார்கள்?

தொழில் வளரவேண்டாமா, நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்! நாம் ஆலைப் புகையை வெறுத்து மாட்டு வண்டிக் காலத்துக்குத் திரும்பச் சொல்பவர்களல்லர். இயந்திரம் மனிதனின் அறிவு பெற்ற பிள்ளை. அதைக் கொண்டாடுபவர்கள் நாம். ஆனால் சட்டம் தளர்ந்ததால் வேலை பெருகிற்று என்றால், அதைக் கூறுபவர்கள் காட்டட்டும். இந்தியாவிலேயே மிகுதியான தொழிற்சாலைகள் இருப்பது தமிழ்நாட்டில்; நூறு என்ற பழைய வரம்பும், எட்டு மணி நேரமும், சங்கமும் இருந்த காலத்திலேதான் அவை எழுந்தன. படித்த இளைஞன், தொழில் தெரிந்த பெண், துறைமுகம், சாலை, மின்சாரம் இவற்றைத் தேடி வந்தார்கள். தொழிலாளியை எளிதில் நீக்கலாம் என்பதற்காக வந்தவர்கள், அதைவிட எளிதில் நீக்கக்கூடிய நாடு கிடைத்ததும் போய்விடுவார்கள்.

தொழிலாளர் நலம் ஒத்திசைவுப் பட்டியலில் உள்ளது. தொகுப்புகளின் கீழ் விதிகள் வகுப்பதில் மாநிலத்துக்கு இடமுண்டு. விதி வகுக்குமுன் வரைவு வெளியிட்டு, கருத்துச் சொல்ல நாள் தரவேண்டும். அந்த நாட்களை வீணாக்கலாகாது. வரைவைத் தமிழில் கேளுங்கள். 2020இல் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் புதிய வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டு, அதிலே பிந்திய அனுமதியையும் நுழைத்து, மக்கள் கருத்துச் சொல்ல முப்பது நாளாயிருந்ததை இருபதாகக் குறைக்கவும் பார்த்தார்கள். எட்டாம் அட்டவணை மொழிகளிலெல்லாம் மொழிபெயர்க்கவேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. புரியாத மொழியில் கேட்டுவிட்டு ‘எவரும் மறுக்கவில்லை’ என்று எழுதிக்கொள்ளும் பழைய தந்திரம்!

ஆலையில் உள்ள தோழர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நியமனக் கடிதம் சட்டப்படி உங்களுக்கு உரியது, வாங்குங்கள். ஒப்பந்தக்காரரின் பெயரும், சேர்ந்த நாளும், ஊதியமும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படியுங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள். ஊரில் உள்ள தோழர்கள், உங்கள் மாவட்டத்தில் சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று செய்தித்தாளின் மூலையில் பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் இருக்கும். ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் வைக்கப்பட்டிருக்கவேண்டும், போய்க் கேளுங்கள். கூட்டத்தன்று முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் வேன் வைத்து அழைத்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் கிணற்றின் ஆழத்தைச் சொல்லி, நீங்கள் கூறியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டதா என்று கேட்டு, ஏறிய பிறகே நாற்காலியில் அமருங்கள்.